ஸ்மார்ட் பல்பு வைஃபையில் சேர மறுக்கிறதா? ரூட்டரில் மாற்ற வேண்டியவை, வரிசையாக

புது ஸ்மார்ட் பிளக்கைச் செருகியாயிற்று. அதன் விளக்கு வேகமாக மின்னுகிறது. ஆப்பைத் திறந்து, வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போன சதவீதம் 99இல் வந்து நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, 'இணைக்க முடியவில்லை' என்று ஒரு வரி. திரும்பவும் பட்டனை அழுத்திப் பிடிக்கிறோம், திரும்பவும் மின்னுகிறது, திரும்பவும் 99.

நான் முதலில் வாங்கிய பிளக் இப்படித்தான் நின்றது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பினேன். மாற்றாக வந்ததும் அதே இடத்தில் நின்ற பிறகுதான் ரூட்டர் பக்கம் பார்வை போனது. பிளக்கில் ஒரு குறையும் இல்லை. ரூட்டர் பேசியது அதன் காதில் விழவே இல்லை.

இன்றைய ரூட்டர்கள் செல்போனையும் லேப்டாப்பையும் மனத்தில் வைத்து, வேகத்துக்காகவே அமைக்கப்பட்டு வருகின்றன. பல்புக்கும் பிளக்குக்கும் வேகம் எதற்கு? 'எரி', 'அணை' என்ற ஓரிரு கட்டளைகள் போய்ச் சேர்ந்தால் போதும். அதனால் அவற்றுக்குள் விரல் நகம் அளவுள்ள மலிவான சில்லு ஒன்றைத்தான் வைக்கிறார்கள். 2014இல் வந்த இஎஸ்பி8266 என்ற சில்லுதான் இந்த வகைப் பொருள்களைச் சாமானியர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதற்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தவிர வேறு எந்த அலைவரிசையும் தெரியாது. அதன் வழிவந்த பல சில்லுகளும் அப்படியே. எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீட்டிலேயே மந்தமான காது எதற்கு இருக்கிறதோ, அதற்குக் கேட்கிற மாதிரி ரூட்டரைப் பேச வைக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா மாற்றங்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் ரூட்டருக்குள் நுழைவது

பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்ட வேண்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டும் திறக்கவில்லை என்றால், செல்போனின் வைஃபை விவரப் பக்கத்தில் 'கேட்வே' அல்லது 'ரூட்டர்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் உங்கள் ரூட்டரின் முகவரி. உள்ளே போவதற்கான பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. முதலாவது ரூட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும்.

அந்த லேபிள் பாஸ்வேர்டு 'அட்மின்' மாதிரி யாரும் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்து, அவற்றையே படையாகத் திரட்டிப் பெரிய இணையத் தளங்களை முடக்கியது. அது முயன்றது சுமார் 60 பழகிப்போன பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டுமே. அது போதுமானதாக இருந்தது.

எந்தப் பக்கத்தில் எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் திரையைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படம் போதும்.

இரண்டு அலைவரிசைகளையும் பிரிப்பது

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரூட்டர் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். புதியவற்றில் 6 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தானே முடிவு செய்யும் வசதியும் ரூட்டரில் இருக்கிறது. 'ஸ்மார்ட் கனெக்ட்', 'பேண்ட் ஸ்டீரிங்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர். செல்போனுக்கு இது நல்லது. பிளக்கை முதல்முறை சேர்க்கும்போது இதுவே வினையாகிறது.

ஏன் என்று பார்ப்போம். வேகமாக மின்னும் நிலையில் உள்ள பல பிளக்குகள் காற்றை ஒட்டுக்கேட்டுக்கொண்டு இருக்கும். வைஃபையில் இன்னும் சேராத பிளக்குக்குப் பாஸ்வேர்டை எப்படித் தெரிவிப்பது? செல்போன் ஒரு தந்திரம் செய்கிறது. வைஃபையில் போகும் தகவல் பொட்டலத்தின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும், பொட்டலம் எவ்வளவு நீளம் என்பது வெளியே தெரியும். செல்போன் வெவ்வேறு நீளத்தில் பொட்டலங்களை வரிசையாக அனுப்பி, அந்த நீளங்களிலேயே பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுகிறது. மூடிய கடிதங்களின் கனத்தை வைத்தே செய்தியைப் படிப்பது மாதிரி. இப்போது செல்போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் அந்தப் பொட்டலங்கள் பிளக்கின் காதிலேயே விழாது. பாஸ்வேர்டு சரி, ஆப் சரி, பிளக்கும் சரி. ஆனாலும் 99இல் நிற்கும்.

அதனால் வயர்லெஸ் பக்கத்துக்குப் போய் ஸ்மார்ட் கனெக்டை அணைத்துவிட்டு, 2.4க்கு ஒரு பெயர், 5க்கு வேறு பெயர் என்று பிரித்துவிடுங்கள். செல்போனை 2.4 பெயரில் சேர்த்துவிட்டுப் பிளக்கை இணையுங்கள். இணைந்த பிறகு செல்போனை 5க்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பெயர்களும் ஒரே வீட்டு நெட்வொர்க் என்பதால் ஆப் வழக்கம்போல் வேலை செய்யும்.

சில ரூட்டர்களில், குறிப்பாக வீடு முழுக்கப் பல பெட்டிகளாக வைக்கும் மெஷ் வகைகளில், பிரிக்கவே விடமாட்டார்கள். அதற்கும் வழி இருக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸை மட்டும் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுச் சேர்க்கலாம். அதுவும் முடியாது என்றால் 2.4 மட்டும் உள்ள கெஸ்ட் நெட்வொர்க்கை, அதாவது விருந்தினருக்கென்று ரூட்டர் தனியாகத் தரும் வைஃபையை, திறக்கலாம். எதுவுமே இல்லை என்றால், பிளக்கையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு ரூட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளிப் போங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. செல்போன் தானாக 2.4க்கு இறங்கிவிடும்.

பெயரும் பாஸ்வேர்டும்

வைஃபைக்கு அழகாகத் தமிழில் பெயர் வைக்க ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வைஃபை பெயருக்கு மொத்தம் 32 பைட்டுகள்தான் இடம். பைட்டு என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் க, ம போன்ற எழுத்துக்கும் மூன்று, அதன்மேல் வரும் புள்ளிக்கும் மூன்று, கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக மூன்று. 'எங்கள் வீடு' என்று வைத்தாலே இடைவெளியோடு சேர்த்து 31 பைட்டுகள் ஆகிவிடும். 'நம்ம வீட்டு வைஃபை' என்றால் 47, ரூட்டர் ஏற்காது. இடம் போதினாலும், மலிவான சில்லுகளின் நிரல் தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளும் என்று நம்ப முடியாது. 5 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பல்புகள் சேரும் 2.4க்கு இடைவெளியோ குறியீடோ இல்லாத, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பெயரே பாதுகாப்பு.

பாஸ்வேர்டும் அப்படியே. 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். மேற்கோள் குறி, சாய்வுக்கோடு, இடைவெளி போன்றவற்றில் சில ஆப்கள் தடுமாறும். குறியீடுகளை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக நீளத்தைக் கூட்டுங்கள். 16 எழுத்துக்கு மேல் இருந்தால் நல்லது. பெயரை மறைத்து வைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மறைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை, பல்புக்குத்தான் ரூட்டரைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது.

செக்யூரிட்டி

வைஃபையைப் பூட்டும் முறைகளின் பட்டியலில், 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு 'டபிள்யூபிஏ2 பெர்சனல்', அதில் 'ஏஇஎஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இதைவிட வலுவானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பல பல்புகளுக்கு அது தெரியாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை ஒன்று உண்டு. அதில் பெரும்பாலானவை சேர்ந்துவிடும், சில பழைய கருவிகள் மட்டும் முரண்டு பிடிக்கும். அப்படிப் பிடித்தால், அதே பக்கத்தில் 'பிஎம்எஃப்' அல்லது 'புரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃபிரேம்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அது 'கட்டாயம்' என்ற நிலையில் இருந்தால் பழைய சில்லுகளால் உள்ளே வர முடியாது. அதை 'விருப்பத்துக்கு ஏற்ப' என்ற நிலைக்கு மாற்றலாம்.

5 ஜிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 தாராளமாக இருக்கட்டும். அலைவரிசைகளைப் பிரித்து வைத்ததன் இன்னொரு பயன் இது. ஆனால் எந்தக் கருவிக்காகவும் 'டபிள்யூஇபி', 'டிகேஐபி' என்ற பழைய, பலவீனமான பூட்டுகளுக்கு இறங்க வேண்டாம். அவை இருந்தால்தான் வேலை செய்வேன் என்கிற கருவியை வீட்டில் வைக்காமல் இருப்பதே மேல்.

சேனல், அகலம், மோடு

2.4 ஜிகாஹெர்ட்ஸ் குறுகலான தெரு. அதற்குள் இருக்கும் எண்ணிட்ட தடங்கள்தான் சேனல்கள். அவற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை மூன்றே: 1, 6, 11. செல்போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, பக்கத்து வீடுகளின் வைஃபை எந்த எண்ணில் நெரிசலாக இருக்கிறது என்று பார்த்து, மற்றதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளி தெரிகிறதே என்று 3ஐயோ 8ஐயோ எடுத்தால் இரண்டு பக்கச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

'ஆட்டோ' வேண்டாம் என்பது என் கருத்து. 13 சேனல் வரை அனுமதி உள்ள நாடுகளில் ஆட்டோ சில சமயம் 12க்கோ 13க்கோ தாவிவிடும். 11 வரை மட்டுமே கேட்கும்படி தயாரான பல்புக்கு அன்றைக்கு ரூட்டரே மறைந்துபோன மாதிரி. நேற்று வரை எரிந்த பல்பு இன்று காரணமே இல்லாமல் ஆஃப்லைன் ஆனால் இதைச் சந்தேகப்படுங்கள்.

சேனல் விட்த் 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். 40 என்று வைத்தால் அந்தக் குறுகலான தெருவில் ஏறக்குறைய பாதியை உங்கள் ரூட்டர் ஒன்றே அடைத்துக்கொள்ளும். மோடு என்பது வைஃபையின் தலைமுறை. அதில் 'பி/ஜி/என்' கலவை போதும். வைஃபை 6 ரூட்டரில் 'ஏஎக்ஸ்' என்பதும் சேர்ந்திருக்கும். பழைய கருவி ஒன்றின் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால், 2.4இல் ஏஎக்ஸை மட்டும் அணைத்துப் பாருங்கள்.

சேர்க்கும் நேரத்தில் செல்போனில் கவனிக்க வேண்டியவை

ரூட்டர் சரியாக இருந்தும் செல்போன் காலை வாரிவிடுவதுண்டு. மெதுவாக மின்னும் நிலையில் பல பிளக்குகள் தாங்களே ஒரு சிறு வைஃபையை உருவாக்கும். செல்போன் அதில் சேர்ந்துதான் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு வைஃபையில் இணையம் இருக்காது. 'இதில் இன்டர்நெட் இல்லையே' என்று செல்போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பேச்சு பாதியில் அறுந்துபோகும். எனவே சேர்க்கும் ஐந்து நிமிடத்துக்கு மொபைல் டேட்டாவை அணையுங்கள். விபிஎன் இருந்தால் அதையும்.

ஆப் கேட்கும் அனுமதிகளையும் பாருங்கள். ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியை மறுத்திருந்தால் ஆப்பால் பிளக்கைத் தேடவே முடியாது. ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதி இல்லாமல் பல ஆப்களால் சுற்றியுள்ள வைஃபைகளைப் பட்டியலிட முடியாது. பல கம்பெனிகளின் கருவிகளுக்கும் பொதுவாக 2022இல் வந்த மேட்டர் என்ற தரத்தில் இயங்கும் கருவிகள் புளூடூத் வழியாகவே பாஸ்வேர்டைப் பெறும் என்பதால், அவற்றுக்குப் புளூடூத் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ரூட்டரில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை முடக்கி வைக்கப்பட்டிருந்தால் மேட்டர் கருவி சேராமல் போகலாம்; வீட்டுக்குள் அது பேசுவதே ஐபிவி6இல்தான்.

இணைந்தாயிற்று, ஆனால் செல்போனுக்குத் தெரியவில்லை

இதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

'ஏபி ஐசோலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசோலேஷன்' என்பது ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுப்பது. முதன்மை வைஃபையில் அது அணைந்திருக்க வேண்டும். கெஸ்ட் நெட்வொர்க்கில் இந்தத் தடுப்பு பெரும்பாலும் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, வீட்டில் இரண்டு ரூட்டர்கள். இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி அதன் பின்னால் மாட்டியது ஒன்று, இரண்டும் வைஃபை கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பு முதல் பெட்டியிலும் செல்போன் இரண்டாவதிலும் சேர்ந்திருந்தால், ஒரே வீட்டில் இருந்தும் அவை வெவ்வேறு தெருவாசிகள். ஒன்றின் வைஃபையை அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் ரூட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதல் பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டித் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, முகவரிப் பற்றாக்குறை. டிஹெச்சிபி பக்கத்தில் ரூட்டர் கொடுக்கும் ஐபி முகவரிகளின் எல்லை இருக்கும். 192.168.1.100 முதல் 149 வரை என்றால் 50 கருவிகள்தான். பல்பு, பிளக், டிவி, ஆளுக்கொரு செல்போன், வந்துபோனவர்களின் செல்போன் என்று எண்ணினால் 50 சீக்கிரமே தீர்ந்துவிடும். எல்லையை 249 வரை நீட்டினால் 150 கிடைக்கும். கூடவே, சேரக்கூடிய கருவிகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ரூட்டர்களில் அது 32 என்று போட்டிருக்கும். கேமரா, பிரிண்டர், ஹப் ஆகியவற்றுக்கு 'அட்ரஸ் ரிசர்வேஷன்' மூலம் நிலையான ஐபி ஒதுக்கிவிட்டால், ரூட்டரை அணைத்துப் போட்ட பிறகும் ஆப் அவற்றைத் தேடி அலையாது.

அடிக்கடி அறுந்து போனால்

ரூட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து, சிக்னல் அளவைப் பாருங்கள். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை கவலையில்லை, மைனஸ் 75க்குக் கீழே போனால் அறுந்து அறுந்துதான் வரும். ரூட்டரின் ஒலிபரப்புத் திறனைக் கூட்டினால் தீரும் என்று தோன்றும். தீராது. இது இருவழிப் பேச்சு. ரூட்டர் உரக்கக் கத்தினால் பல்புக்குக் கேட்கலாம். பல்பு முனகும் பதில் ரூட்டருக்கு எட்ட வேண்டுமே. பல்பு உலோகக் கூண்டுக்குள் இருந்தால் கூண்டை மாற்றுங்கள். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வைக்காமல், நெஞ்சு உயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் வையுங்கள். ரூட்டரின் யுஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் ஒரு நாள் கழற்றி வைத்துப் பாருங்கள். யுஎஸ்பி 3 எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வந்து விழுகிறது என்று இண்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

எங்கள் மாடிப்படி விளக்கு ஒன்று சிக்னல் நன்றாக இருந்தும் அறுந்துகொண்டே இருந்தது. அறுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்தேன். 6.14, 7.14, 8.14. மணிக்கு ஒரு தரம், நிமிடம் மாறாமல். ரூட்டரில் 'குரூப் கீ அப்டேட் இன்டர்வல்' என்ற இடத்தில் 3600 என்று இருந்தது. அத்தனை வினாடிக்கு ஒருமுறை, எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் மறைபூட்டுச் சாவியை ரூட்டர் மாற்றுகிறது. புதுச் சாவியை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் அந்த விளக்கு வெளியே நின்றுவிடுகிறது. அதை 86400 ஆக்கினேன், அதாவது நாளைக்கு ஒருமுறை. மணிக்கொரு தரம் அறுவது அன்றோடு நின்றது. உங்கள் வீட்டிலும் ஏதாவது அறுந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் நேரத்தைக் குறித்து வையுங்கள். அதில் ஒழுங்கு தெரிந்தால் காரணம் ரூட்டரின் ஏதோ ஓர் எண்ணில் இருக்கிறது. ஒழுங்கே இல்லை என்றால் சிக்னலையும் சுற்றுப்புறத்தையும் பாருங்கள்.

எதை எந்த நெட்வொர்க்கில் வைப்பது

கம்பெனியின் சர்வர் வழியாக மட்டுமே இயங்கும் பிளக், பல்பு, கேமரா ஆகியவற்றைக் கெஸ்ட் நெட்வொர்க்கில் வைப்பதை நான் விரும்புகிறேன். அவற்றில் ஒன்று கெட்டவர் கையில் சிக்கினாலும் உங்கள் லேப்டாப்பை எட்ட முடியாது. டிவி, ஸ்பீக்கர், பிரிண்டர் ஆகியவற்றோடு செல்போன் நேரடியாகப் பேச வேண்டியிருப்பதால் அவை முதன்மை நெட்வொர்க்கிலேயே இருக்க வேண்டும். பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின்னை ஊகித்து உள்ளே நுழையலாம் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது. கருவிகள் தாமாகவே ரூட்டரில் வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ள விடும் 'யுபிஎன்பி'யையும் அணைத்துப் பாருங்கள். பல்பு, பிளக் எதற்கும் அது தேவைப்படாது.

ரூட்டரையே மாற்றும் நாள் வந்தால்

முப்பது பல்புகளையும் ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டுமே என்று பயந்து பழைய ரூட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் பலர். தேவையே இல்லை. பல்பு நினைவில் வைத்திருப்பது ரூட்டரை அல்ல, பெயரையும் பாஸ்வேர்டையும்தான். புது ரூட்டரின் 2.4க்குப் பழைய பெயரையே, சிறிய எழுத்து பெரிய எழுத்து பிசகாமல் கொடுங்கள். பாஸ்வேர்டும் செக்யூரிட்டி வகையும் அதுவே. பழைய ரூட்டரை அணைத்த பிறகு புதியதைப் போடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் ஒரே நேரத்தில் ஓடினால் பாதிப் பல்புகள் அங்கும் பாதி இங்கும் சேர்ந்துவிடும். பத்து நிமிடம் எதையும் தொடாமல் காத்திருங்கள். ஆப்பில் சாம்பல் நிறத்தில் கிடந்த பெயர்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். வராமல் நிற்கும் ஓரிரண்டை மட்டும் சுவிட்சில் அணைத்து, பத்து வினாடி விட்டுப் போடுங்கள்.